சுக்குட்டிப் பழமும் வேலியோரத்து மஞ்சள் மணிகளும்: ஒரு வீட்டுத் தோட்டத்து விசாரணை

நடந்தது

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்தே முக்கால் மணி. பொடக்காளிக் குழாயில், அதாவது வீட்டுக் கொல்லைப்புறத்தில், கால் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து தங்கை போட்ட சத்தத்தில் குழாயை மூடக்கூட மறந்து ஓடினேன். அவளுடைய ஐந்து வயது மகள் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். உதடும் நாக்கும் கருநீலம். வலது கையில் மூன்று விரல்களும் அப்படியே. குழந்தை அழவில்லை, பயப்படவும் இல்லை. அம்மா ஏன் இப்படிக் கத்துகிறாள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை குடும்பம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஈஸ்டர் விடுமுறைக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஊரில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஒரு பழத்தின் மேல் தீராத பயம் உண்டு. பெயர் டெட்லி நைட்ஷேட். கறுப்பாகப் பளபளவென்று இருக்கும், கடித்தால் இனிக்கும், கொஞ்சம் பழமே சின்னக் குழந்தையின் உயிருக்கு உலை வைக்கும். தங்கை மகளின் கையில் மிச்சமிருந்த இரண்டு பழங்களை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் கைபேசியில் படம் எடுத்துச் செடி அடையாளம் சொல்லும் செயலியில் போட்டிருக்கிறாள். திரையில் முதலில் வந்தது ‘ப்ளாக் நைட்ஷேட்’. அதற்குக் கீழே ‘டெட்லி நைட்ஷேட்’. அவள் கண்ணில் பட்டது இரண்டாவதுதான்.

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தார். “சுக்குட்டிப் பழத்தைத் தின்னதுக்கா இத்தனை கூப்பாடு? நீயும் உங்கண்ணனும் இதைத் தின்னுதான அம்முணி வளந்தீங்க?”

“அம்மா, அது வேற, இது வேற. இது விஷம்னு போட்டிருக்கு, பாருங்க.”

“எம்பட கைல நட்ட செடி. எனக்குத் தெரியாதா?”

சுக்குட்டி என்பது எங்கள் கோவைப் பக்கத்துப் பேச்சு. மற்ற ஊர்க்காரர்கள் மணத்தக்காளி என்பார்கள், மிளகுதக்காளி என்பார்கள். அம்மா சொன்னது சரி என்று அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. அதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. தோட்டத்தில் ஆபத்தான பழம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் சண்டை போட்ட செடியில் அல்ல, யாருமே திரும்பிப் பார்க்காத செடியில்.

மருத்துவரிடம்

யார் சரி என்று பேசி முடிக்கிற நேரமில்லை. பக்கத்துத் தெருவில் குழந்தை மருத்துவர் ஒருவர் வீட்டிலேயே பார்க்கிறார். தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, நான் பொடக்காளிக்குப் போய் அந்தச் செடியில் ஒரு கிளையை இலை, பூ, காய், பழத்தோடு முறித்துப் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா திண்ணையிலிருந்தே, “உப்புத் தண்ணி கரைச்சுக் குடுத்து வாந்தி எடுக்க வைங்க” என்றார்.

மருத்துவர் முதலில் சொன்னது அதற்கு நேர்மாறு. வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உப்புத் தண்ணீர் சின்னக் குழந்தைக்கு அதுவே ஒரு விஷம், ரத்தத்தில் உப்பு ஏறிவிடும். குழந்தையின் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொன்னார். டார்ச் அடித்துக் கண்பாவை சுருங்குகிறதா என்று பார்த்தார், நாடி பிடித்தார், நாக்கு ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தார். டெட்லி நைட்ஷேட்டில் இருப்பது அட்ரோபின் வகைச் சரக்கு. அது உள்ளே போனால் கண்பாவை அகலமாக விரிந்து வெளிச்சத்துக்கும் சுருங்காது, வாய் வறளும், முகம் சிவக்கும், நாடி ஓடும், பிள்ளை பிதற்றும். இவளுக்கு ஒன்றுமில்லை. மேசை மேல் இருந்த ரப்பர் முத்திரையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் செய்தித்தாளைப் பிரித்தார். அவருக்கும் செடி தெரிந்திருந்தது. “இது மணத்தக்காளிதாங்க. பழம்தான் தின்னாளா, காயும் தின்னாளா?” என்றார். எங்களுக்குத் தெரியவில்லை. காயாக இருந்தால் சோலனின் என்ற சரக்கு வயிற்றைக் கலக்கும், அது சில மணி நேரம் கழித்துத்தான் காட்டும், அதனால் நாளை மத்தியானம் வரைக்கும் கண் வைத்திருங்கள் என்றார். வாந்தி, பேதி, வயிற்றுவலி, அசாதாரணத் தூக்கம், எது வந்தாலும் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். கிளம்பும்போது, “செடியைக் கையோட கொண்டு வந்தீங்களே, பாதி வேலை அதிலேயே முடிஞ்சுது. பலபேர் ‘ஏதோ கறுப்பா ஒரு பழம்’னு வந்து நிப்பாங்க” என்றார்.

டெல்லி எய்ம்ஸில் தேசிய நச்சுத் தகவல் மையம் இருக்கிறது. ராப்பகல் எந்நேரமும் கூப்பிடலாம், இலவச எண் 1800 116 117. அன்றைக்கு எனக்கு இது தெரியாது. இப்போது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

பெயரால் வந்த பயம்

வீட்டுக்கு வந்து குழந்தைக்குத் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு, நானும் தங்கையும் சாப்பாட்டு மேசையில் அந்தக் கிளையை விரித்து வைத்து உட்கார்ந்தோம். அவளுக்கு மருத்துவர் சொன்னதும் முழுசாக மனசில் தங்கவில்லை. நைட்ஷேட் என்றால் நைட்ஷேட்தானே என்றாள்.

சிக்கலே அந்தப் பெயர்தான். ஆங்கிலத்தில் அது ஒரு செடியின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்துக்கே போட்ட பெயர். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, சுண்டைக்காய் எல்லாம் அதே குடும்பம். நம்முடைய சுக்குட்டி அதில் ‘கறுப்பு நைட்ஷேட்’. இங்கிலாந்து வேலிகளில் சிவப்புப் பழத்தோடு படரும் இன்னொரு கொடிக்கு ‘மர நைட்ஷேட்’ என்று பெயர். அங்கேயே பலபேர் அதைப் பார்த்து டெட்லி நைட்ஷேட் என்று பதறுவார்களாம். உண்மையான டெட்லி நைட்ஷேட் அட்ரோபா பெல்லடோனா. ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா அதன் மண். கிரேக்கப் புராணத்தில் மனிதரின் ஆயுள் இழையை வெட்டும் தேவதை அட்ரோபோஸ். 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அந்தப் பெயரை இந்தச் செடிக்கு வைத்தார். இந்தியாவில் அதன் உறவுக்காரச் செடி ஒன்று காஷ்மீர், இமாசலப் பக்கத்து மலையில் உண்டு. கோவை வடவள்ளியில் வெயில் காய்கிற எங்கள் பொடக்காளியில் தானாக முளைக்கிற செடி இல்லை அது.

இந்தப் பெயர்ப் பயத்துக்குத் தக்காளியே ஒரு காலத்தில் பலியானது. அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியபோது வட ஐரோப்பாவில் ரொம்ப நாள் அதை அழகுக்கு வளர்த்தார்கள், வாயில் வைக்கப் பயந்தார்கள். பெல்லடோனாவின் சாயல் தெரிந்ததுதான் அதற்கு ஒரு காரணம். நம் ஆட்கள் எதிர்த்திசையில் போனார்கள் போல. விஷக் குடும்பத்திலிருந்து ஒரு களையை எடுத்துக் கீரையாகக் கடைந்து, காயை வற்றல் போட்டு, பழத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். கன்னடக்காரர்கள் கணிகே என்றும் தெலுங்குக்காரர்கள் காமஞ்சி என்றும் சொல்லிக்கொண்டு இதையேதான் செய்கிறார்கள்.

தங்கை இங்கிலாந்தில் இருக்கும் தோழிக்குச் செய்தி அனுப்பி, நிஜமான டெட்லி நைட்ஷேட் படம் ஒன்றை வரவழைத்தாள். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒரே பார்வை பார்த்தார். “இது ஒத்தக்காயால்ல நிக்குது. நம்முளுது கொத்தாத் தொங்கும். இதுக்குக் கீழ பாரு, பாவாடை விரிச்ச மாதிரி பச்சையா. நம்முளுதுக்கு ஏது அது?”

அடையாளத்துக்கான முக்கால்வாசிப் பாடம் அந்த இரண்டு வரியில் இருக்கிறது. பெல்லடோனாவில் இலைக் கக்கத்தில் தனித்தனியாக ஒரு பழம், ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரை வரைக்கும் பருமன். அடியில் ஐந்து முனை நட்சத்திரம் போலப் பச்சைப் புல்லிவட்டம் பழத்தை மீறி விரிந்து நிற்கும். பூ மணி போலத் தொங்கும், மங்கிய ஊதா. மேசை மேல் கிடந்ததில் பூ வெள்ளை, சுண்டுவிரல் நகம் அளவு, ஐந்து இதழ் பின்னால் மடிந்து நடுவில் மஞ்சள் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. தக்காளிப் பூவைச் சின்னதாக்கி வெள்ளை அடித்த மாதிரி.

மேசை மேல் கிடந்த கிளை

மறுநாள் காலையில் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் தோழிக்குப் போன் செய்தேன். அவர் முதலில் கேட்டது பழத்தைப் பற்றியே இல்லை. “கொத்துக் காம்பு எங்கிருந்து கிளம்புது? இலைக் கக்கத்திலிருந்தா, இல்ல ரெண்டு இலைக்கு நடுவுல தண்டிலிருந்தா?” என்றார்.

இத்தனை வருஷம் பார்த்த செடியில் இதை நான் கவனித்ததே இல்லை. கிளையை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். காம்பு இலை தண்டோடு சேரும் இடத்தில் இல்லை. ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவில், வெறும் தண்டில், யாரோ ஊசியால் குத்திச் செருகிய மாதிரி நின்றது. மணத்தக்காளி வகையில் இது பெரிய அடையாளம். அந்தக் காம்பின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து ஐந்தாறு சின்னக் காம்புகள் குடைக்கம்பி போலப் பிரிந்து, ஒவ்வொன்றின் முனையிலும் மிளகைவிடச் சற்றுப் பெரிய பழம். பழத்துக்கு மேல் புல்லிவட்டம் ஐந்து குட்டி மடலாகப் பின்பக்கம் மடங்கியிருந்தது. பழத்தோல் எண்ணெய் தடவியது போல மின்னியது. ஒன்றை நசுக்கினேன். ஊதாச் சாறு, அதில் கூழோடு தட்டையான வெளிர் விதைகள், மிளகாய் விதையைப் பொடிசாக்கியது போல.

குடை போன்ற கொத்து, மின்னும் தோல், பின்னால் மடங்கிய புல்லி, இந்த மூன்றையும் சொன்னதும், “அப்ப அது சொலானம் அமெரிக்கானம்” என்றார் தோழி. நம் புத்தகங்களில் ரொம்ப காலம் எல்லா மணத்தக்காளிக்கும் சொலானம் நைக்ரம் என்றே பெயர் எழுதி வந்தார்கள். சரியாகப் பார்த்தால் அது மூன்று வேறு செடிகளின் கூட்டம். குரோமோசோம் எண்ணினால் 24, 48, 72 என்று படிப்படியாக ஏறும். 24 உள்ளது நம் வீட்டில் இருந்த சின்னக் கறுப்பு. 72 உள்ளதுதான் சரியான நைக்ரம், பழத்தோல் மங்கலாக இருக்கும், கொத்து கொஞ்சம் நீண்டு ஏணிப்படி போலப் பழம் அடுக்கியிருக்கும். 48 உள்ளது வில்லோசம், அதன் பழம் பழுத்தால் ஆரஞ்சு. செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் உலர்தாவரக் கூடங்களில் பழைய தாளில் ஒரு பெயரும், பின்னால் வந்தவர் ஒட்டிய சீட்டில் இன்னொரு பெயருமாக இருப்பது இந்தக் கூட்டத்தில் சகஜமாம். கோவையிலேயே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் 1955-இலிருந்து இருக்கிறது. பழைய சென்னை மாகாணத்து உலர்தாவரங்கள் அங்கேதான் உள்ளன. சந்தேகம் தீராவிட்டால் செடியை நாளிதழுக்குள் அழுத்திக் காயவைத்துக் கொண்டு வா, காட்டலாம் என்றார்.

கைபேசி ஏன் தடுமாறியது என்பதும் இதில் விளங்கியது. தங்கை எடுத்தது உள்ளங்கையில் இரண்டு கறுப்பு உருண்டை, மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில். காம்பு இல்லை, இலை இல்லை, பூ இல்லை, அளவு தெரிய எதுவும் இல்லை. அந்தப் படத்தை வைத்து நாவல்பழம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். காலை வெளிச்சத்தில் முழுக் கிளையை நானே எடுத்துப் போட்டபோது அதே செயலி டெட்லி நைட்ஷேட்டைப் பட்டியலிலேயே காட்டவில்லை. செயலியைக் குறை சொல்லி என்ன செய்வது, நாம் காட்டியதைத்தானே அது பார்க்கும். இருந்தாலும் அது தருவது ‘இதைப் போல இருக்கிறது’ என்ற யோசனைதான். ‘தின்னலாம்’ என்ற அனுமதி இல்லை.

காயைப் பற்றி மருத்துவர் சொன்னதும் கவனிக்க வேண்டியது. சோலனின் பச்சைக் காயில் அதிகம், பழுக்கப் பழுக்கக் குறையும். உருளைக்கிழங்கு வெயில் பட்டுப் பச்சையானால் வெட்டி எறிகிறோமே, அங்கே இருப்பதும் அதே சரக்கு. உருளைச் செடியில் பூவுக்குப் பின் குட்டித் தக்காளி போல ஒரு காய் தொங்கும். ஊட்டிப் பக்கம் கிழங்கு போடுகிறவர்கள் அதைச் சீண்டமாட்டார்கள். அப்படியானால் சுக்குட்டி வற்றல்? அது பச்சைக் காயைத்தானே உப்பு மோரில் ஊறப்போட்டுக் காயவைப்பது? தங்கை இதைக் கேட்டபோது அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் சோலனின் முழுசாக அழியாது என்பது உண்மை. ஆனால் வற்றல் குழம்பில் ஒருவர் தட்டில் விழுவது ஒரு தேக்கரண்டிகூட வராது. குழந்தை செடியடியில் உட்கார்ந்து பச்சைக் காயைக் கை நிறைய உருவித் தின்பது வேறு கணக்கு. பண்டம் ஒன்றானாலும் பருவமும் அளவும் மாறினால் பதில் மாறும். ‘இதைத் தின்னலாமா’ என்று மொட்டையாகக் கேட்டால் சுக்குட்டிக்கேகூட ஒரே பதில் கிடையாது.

சட்டைப் பையில் இருந்தவை

திங்கள் காலை பத்து மணிக்குக் குழந்தை முந்தின நாள் போட்டிருந்த கவுனைத் துவைக்க எடுத்த அம்மா, பையிலிருந்து ஏதோ உருளுவதைப் பார்த்துக் கூப்பிட்டார். ஆறு மணிகள். ஆரஞ்சு கலந்த மஞ்சள், ஒவ்வொன்றும் பட்டாணி அளவு, முனையில் கிளி மூக்குப் போலக் கூராக வளைந்த நுனி. பார்க்க அவ்வளவு அழகு. ஒரு கணம் எனக்கே கோத்து மாலையாகப் போடலாம் என்று தோன்றியது.

வேலியில் இருந்ததுதான். தெருப்பக்கம் முழுக்க முந்தி இருந்தவர்கள் நட்ட வேலிச்செடி. நர்சரிக்காரர்கள் டுரன்டா என்பார்கள். மஞ்சள் இலை ரகத்துக்குக் கோல்டன் டுரன்டா. பள்ளிக்கூடம், பேருந்து நிலையம், சாலை நடுவே உள்ள தடுப்பு என்று நம் ஊரில் கத்தரித்துச் சதுரமாக நிற்கும் குட்டைச் செடிகளில் பாதிக்குமேல் இதுதான் என்று எனக்குத் தோன்றும். பிறப்பிடம் வெப்ப அமெரிக்கா. காஸ்டோர் டுரன்டே என்ற 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவரின் நினைவாக வைத்த பெயர். இலையிலும் காயிலும் சபோனின் வகைச் சரக்குகள் உண்டு. தின்ற குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் வாந்தி, மயக்கம் கலந்த தூக்கம், காய்ச்சல், வலிப்பு வரைக்கும் போனதாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. உயிர் போனதும் உண்டு.

ஆறு வருஷமாக அந்தத் தெருவில் நடக்கிறேன், அந்தச் செடியில் பழம் பார்த்ததில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது. மாதம் ஒரு முறை கத்தரித்தால் நுனி வெட்டுப்பட்டு டுரன்டா பூக்கவே சந்தர்ப்பம் கிடைக்காது. நாங்கள் சமீபத்தில் குடிவருவதற்கு முன் இந்த வீடு எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. கத்தரிக்க ஆளில்லை. வேலி ஆள் உயரம் வளர்ந்து, வெளிர்நீலப் பூக்கொத்து விட்டு, மூலையில் மஞ்சள் மணிகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருந்தது. எல்லோரும் வேலி என்று நினைத்திருந்தது பழமரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்த அரைமணி நேரம் எங்களில் யாருக்கும் சரியாக மூச்சு வரவில்லை. இதையும் தின்றாளா? ‘தின்னியா, சொல்லு’ என்று அதட்டினால் ஐந்து வயதுக் குழந்தை நாம் எதிர்பார்க்கிற பதிலைத்தான் சொல்லும். தங்கை மருத்துவரிடம் போனில் பேசப் போனாள். நான் குழந்தையோடு பொடக்காளிக்குப் போய், “நேத்து விளையாண்ட மாதிரியே எனக்கும் சொல்லிக்குடு” என்றேன். சந்தோஷமாக அழைத்துப் போனாள். வேப்பமரத்தடியில் செங்கல் இரண்டு, அதன் மேல் தேங்காய்ச் சிரட்டை. அது பொம்மையின் வீடு. சிரட்டைக்குள் இன்னும் நான்கு மஞ்சள் மணிகள் இருந்தன. “இது டாலிக்கு ஆரஞ்சு. இது எனக்கு” என்று சுக்குட்டிச் செடியைக் காட்டினாள்.

“நீ ஏன் ஆரஞ்சு சாப்பிடல?”

“அம்மாயி இதுதான் குடுத்தாங்க.”

முந்தின நாள் காலையில் அம்மா கீரை பறிக்கும்போது நன்றாகப் பழுத்த நான்கைந்தைப் பேத்தியின் வாயில் போட்டிருக்கிறார். அம்மாவுக்கு அது ஒரு செய்தியே இல்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. குழந்தை அம்மாயி காட்டியதை மட்டும் தின்றது. பொம்மைக்குத்தான் புதுப் பழம். பையிலும் சிரட்டையிலும் இருந்த பத்து மணிகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் பல் படவில்லை, கிளி மூக்கு ஒன்றுகூட உடையவில்லை. மருத்துவர் அதைக் கேட்டுக்கொண்டு, தின்று பதினாறு மணி நேரம் தாண்டியும் பிள்ளை ஓடி விளையாடுகிறது என்றால் கவலை இல்லை, ஆனாலும் சாயங்காலம் வரைக்கும் பாருங்கள் என்றார். சாயங்காலமும் ஒன்றும் வரவில்லை.

இது அதிர்ஷ்டத்தில் தப்பியது என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் ‘இந்தத் தோட்டத்தில் பழம் தின்னலாம்’ என்று அந்தச் சின்ன மண்டையில் பதிந்திருக்கும். டாலியின் ஆரஞ்சை ஒன்று ருசி பார்த்திருக்கும்.

துவைக்கிற கல்லோரம்

அன்று மத்தியானமே தோட்டத்தில் உருண்டையாகத் தொங்குவது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். உண்ணிச்செடி ஒன்று மதில் விரிசலில். அதன் கறுப்புப் பழத்தை நாங்களே பள்ளிக்கூடம் போகிற வழியில் தின்றிருக்கிறோம், பச்சைக்காய்தான் கெடுதல். ஆடுமாடு அதன் இலையை மேய்ந்தால் ஈரல் கெடும், வெயில் பட்ட தோல் வெந்துபோகும். பிடுங்கிப் போட்டேன். சொடக்குத் தக்காளி இரண்டு, காகிதக் கூட்டுக்குள் பழம். கூடு காய்ந்து உதிர்ந்த பிறகு பழம் தின்னலாம், அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

துவைக்கிற கல்லோரத்து நிழலில் நின்ற செடிதான் யாருக்கும் பெயர் தெரியாதது. முழங்கால் உயரம், மெல்லிய இலை. நுனியில் ஒரு சாண் சரம். சரத்தின் அடியில் கண்ணாடி போலச் சிவந்த மணிகள், மேலே போகப் போகப் பச்சைக் காய், உச்சியில் வெள்ளைப் பூ, எல்லாம் ஒரே சமயத்தில். மிளகைவிடச் சின்னப் பழம். நசுக்கினால் விரல் குங்குமம் தொட்ட மாதிரி. உள்ளே ஒரே ஒரு விதை, அதுவே இது சுக்குட்டிச் சாதி இல்லை என்று சொல்லிவிடும். அம்மா, “அது என்னமோ அழகுச் செடி, தானா வந்துச்சு” என்றார்.

தோழி படத்தைப் பார்த்ததும் சொன்னார், ரிவினா ஹுமிலிஸ். இதுவும் அமெரிக்காக்காரி. கொண்டைக்குருவிகள் தின்று தோட்டம் தோட்டமாக விதைத்துக்கொண்டு போகின்றன. மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தப் பழத்தின் சிவப்பை உணவுச் சாயமாக்க முடியுமா என்று ஆய்வு செய்திருக்கிறார்கள். பீட்ரூட்டில் இருக்கிற பீட்டலைன் வகைதான் அது. ஆனால் பொதுவாக நச்சுச் செடி என்றே இதை வகைப்படுத்துகிறார்கள். பரிசோதனைச் சாலையில் நிறமியைப் பிரித்துச் சோதிப்பதும், பொடக்காளியில் பிள்ளை பறித்துத் தின்பதும் ஒன்றல்ல. ‘யாரோ ஆராய்ச்சி செய்தார்களாம், நல்லதாம்’ என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் வாயில் போடுகிற ஊர் நம் ஊர். கையுறை போட்டு வேரோடு எடுத்தேன்.

கொண்டைக்குருவியைப் பற்றிச் சொல்லும்போது நினைவுக்கு வருகிறது. பக்கத்து வீட்டு அக்காவின் அளவுகோல் அதுதான்: “குருவி திங்குது, நாம தின்னா என்ன?” டுரன்டாப் பழத்தையும் அதே குருவி விழுங்கிவிட்டுப் பாடிக்கொண்டு போகிறது. மஞ்சள் அரளிக் காய் மனித இதயத்தையே நிறுத்தக்கூடியது, குயில் அதன் சதையை விரும்பித் தின்னும். பறவையின் வயிறு வேறு. பல செடிகளுக்குத் தேவையும் அதுதான்: விதையை நசுக்காமல் தூரத்தில் கொண்டுபோய் எச்சமிடுகிற வயிறு. கசந்தால் விஷம், இனித்தால் நல்லது என்பதும் அதே மாதிரிதான். பாகற்காய் கசக்கிறது, பெல்லடோனா இனிக்கிறது.

அப்புறம் செய்தது

செவ்வாய்க்கிழமை ஆள் வைத்து வேலியை இடுப்பளவுக்கு வெட்டினோம். வெட்டிய கிளைகளைத் தெருவில் போட்டால் மாடு வாய் வைக்கும் என்று சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினேன். மாதம் ஒரு தடவை கத்தரிக்கச் சொல்லியிருக்கிறேன், பூ எட்டிப் பார்த்தாலே வெட்டு என்று. அடுத்த மழைக்கு அதைத் தோண்டிவிட்டுச் செம்பருத்தி வைக்கலாம் என்று ஒரு எண்ணம். வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்.

அம்மாவும் ஒரு விஷயத்துக்கு ஒப்புக்கொண்டார். பேத்திக்குப் பழம் கொடுக்கலாம், ஆனால் கிண்ணத்தில் போட்டு அடுப்படித் திண்ணையில் வைத்துத்தான், செடியடியில் நிற்க வைத்து இல்லை. தங்கை கேட்டது அது ஒன்றுதான்.

ஒரு வழக்கு மட்டும் மிச்சம். சுக்குட்டிப் பாத்தியின் கோடியில் இரண்டு செடி கறுக்காமல் ஆரஞ்சாகப் பழுத்திருந்தன. தோழி சொன்ன வில்லோசம். இதையும் தின்கிறவர்கள் உண்டு. உழவர் சந்தையில் கீரை விற்கிற அம்மாவிடம் ஒரு பழத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். “செவப்புச் சுக்குட்டிங்க, திங்கலாம்” என்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா பாத்திக்குப் போனார், ஒரு பழத்தைப் பறித்து நசுக்கி மோந்து பார்த்தார், நாக்கில் வைக்கவில்லை. “எங்கம்மா இதைப் பறிச்சு நான் பாத்ததில்ல” என்றார். இரண்டையும் பிடுங்கி மண்ணை உதறி மதிலோரம் போட்டுவிட்டு, கறுப்புச் செடிகளுக்குத் தண்ணீர் திருப்பிவிடப் போனார்.